கழுகுக் கணக்கு

பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சலவைக் கணக்கு, பூக்காரி கணக்கு என்று நாற்பது வருஷமாகக் கணக்கு எழுதிக் கை தேர்ந்தவள் நான். மாதக் கடைசியில் ஒரு ரூபாய் இடித்தாலும் எனக்கு ராத்திரித் தூக்கம் வராது. அப்படிப்பட்ட நானே மூக்கில் விரலை வைத்துக்கொண்டு பார்த்த கணக்கு ஒன்று உண்டு. ஆகாயத்தில் போகிற கழுகையும் பருந்தையும் ஒன்று விடாமல் எண்ணி, மணிக்கு மணி எழுதி வைக்கிற கணக்கு!

"இதென்ன, வேலையற்ற வேலை?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கணக்கு என்னென்ன செய்திருக்கிறது என்பதைச் சொன்ன பிறகு கேளுங்கள்.

அமெரிக்காவின் வடக்குக் கோடியில் மின்னசோட்டா என்று ஒரு ராஜ்யம். அதில் டுலூத் என்று ஓர் ஊர். என் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அங்கே உத்தியோகம். ஆகஸ்ட் மாதக் கடைசியில் போய் இறங்கினேன். இருவரும் காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவார்கள். பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான். வீட்டில் நானும் பாத்திரம் தேய்க்கும் இயந்திரமுமாக எத்தனை நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பது? "அம்மா, உனக்குப் பொழுது போக ஓர் இடம் காட்டுகிறேன், வா" என்று ஒரு நாள் என் பெண் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். சினிமாவாக்கும், கோவிலாக்கும் என்று நான் நல்ல புடவையாக உடுத்திக்கொண்டேன். போய்ச் சேர்ந்த இடமோ ஒரு மலை மேடு. பெயர் 'ஹாக் ரிட்ஜ்'. பருந்து மேடு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

மேட்டிலிருந்து கீழே பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் நீலத் தண்ணீர். அலை அடிக்கிறது, கப்பல் போகிறது, அக்கரை தெரிவதில்லை. நம் மெரீனா என்றே சொல்லிவிடலாம். ஆனால் அது கடல் அல்ல, ஏரி! சுப்பீரியர் ஏரி. உலகத்து நன்னீர் ஏரிகளில் பரப்பளவில் அதுதான் மிகப் பெரியது. சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிச்சம் இருக்கும். அந்த ஏரியின் மேற்கு மூலையில், தண்ணீருக்கு 500 அடிக்கும் மேலே நின்றுகொண்டிருந்தோம்.

கழுகுகள் அங்கே வந்து கூடுவதற்குக் காரணமே இந்த ஏரிதான்.

கனடா தேசத்துக் காடுகளில் கோடையைக் கழித்த பறவைகளெல்லாம், குளிர் ஆரம்பிக்கும்போது தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. சின்னப் பறவையானால் சிறகை அடித்துக்கொண்டு போய்விடும். கழுகு, பருந்து ஜாதிக்கு உடம்பு கனம். சிறகை அடித்துக்கொண்டே ஆயிரக்கணக்கான மைல் போவதென்றால் கட்டுப்படியாகுமா? ஆகவே அவை ஒரு தந்திரம் செய்கின்றன. வெயில் ஏற ஏறத் தரை சூடாகிறதல்லவா? அந்தச் சூட்டில் காற்று குபுகுபுவென்று மேலே கிளம்புகிறது. பறவை அதற்குள் நுழைந்து சிறகை விரித்து வைத்துக்கொண்டால் போதும். வட்டம் போட்டபடியே, லிஃப்டில் ஏறுகிற மாதிரி, உயரே போய்விடும். உச்சிக்குப் போனதும் சறுக்கு மரத்தில் இறங்குவதுபோல் அடுத்த காற்றுத் தூண் வரைக்கும் சறுக்கிக்கொண்டே போகும். காசில்லாப் பிரயாணம்!

ஆனால் குளிர்ந்த ஏரித் தண்ணீருக்கு மேல் அந்தச் சூட்டுக் காற்று கிளம்பாது. நடு ஏரியில் சிறகு ஓய்ந்தால் உட்காரவும் இடம் இல்லை. அதனால் ஏரிக்கரை வரைக்கும் வந்த பறவை, 'இந்த விஷப் பரீட்சையே வேண்டாம்' என்று திரும்பிக் கரையோரமாகவே தென்மேற்கே பறக்கிறது. பின்னால் வருவதும் அப்படியே. கரை முடிகிற மூலையில் டுலூத். புனலில் ஊற்றிய எண்ணெய் ஒரே துவாரத்தில் இறங்குவதுபோல, பல நூறு மைல் அகலத்தில் வந்த பறவைகளெல்லாம் அந்த ஒரு மேட்டுக்கு மேலே கூடிவிடுகின்றன. வடமேற்கிலிருந்து ஜிலுஜிலுவென்று காற்று வீசுகிற நாளாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மேட்டில் ஒரு சின்ன மேடை. அதன் மேல் ஓர் இளம் பெண் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் தூரதிருஷ்டிக் கண்ணாடி; கையில் எண்ணும் கருவி. நம் ஊரில் ராமஜபம் எண்ண இப்போது விரலில் மாட்டிக்கொள்கிறார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி. ஒரு பறவை தாண்டினால் ஒரு 'டிக்'. ஆகஸ்ட் 15 முதல் நவம்பர் 30 வரை, பொழுது விடிந்து பொழுது சாயும் வரை, இதுதான் அவர்களுடைய வேலை. ஒவ்வொரு மணியும் முடிந்ததும் எந்த ஜாதி எத்தனை, காற்று எந்தத் திசை, மேகம் எவ்வளவு, குளிர் எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுதுகிறார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு பலகையிலும் அந்தத் தொகையைப் போட்டுவிடுகிறார்கள். வந்தவர்கள் நாற்காலி, கம்பளி, காப்பி பிளாஸ்க் சகிதம் உட்கார்ந்துகொண்டு ஆகாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் தேர் பார்க்கக் காத்திருப்பவர்களின் முகத்தில் இருக்கும் பொறுமை அவர்கள் முகத்தில் இருந்தது.

எனக்குத் தெரிந்ததோ வானத்தில் ஒரு புள்ளி. "செவ்வால் பருந்து, இளசு" என்றாள் அந்தப் பெண். "முகம் தெரியாமல் எப்படி அம்மா சொல்கிறாய்?" என்று கேட்டேன். "உங்கள் வீட்டுக்காரர் ரயிலடிக் கூட்டத்தில் வந்தால் முகத்தைப் பார்த்தா அடையாளம் கண்டுபிடிப்பீர்கள்? நடையைப் பார்த்தே தெரியாதா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். எங்கள் வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் அவர் செருப்புச் சத்தத்தை ஆயிரம் பேருக்கு நடுவில் நான் இன்றைக்கும் கண்டுபிடித்துவிடுவேன். ஆகவே அவள் சொன்னது சட்டென்று மனசில் பதிந்துவிட்டது.

அன்று முதல் அவள் எனக்கு வாத்தியாரம்மா. அகன்ற சிறகு, விசிறி போன்ற குட்டை வால் என்றால் பருந்து. குட்டைச் சிறகு, நீண்ட வால், நாலு தடவை சிறகடித்துவிட்டு ஒரு சறுக்கல் என்றால் நம் ஊர் வைரியின் ஜாதி. சிறகு நுனி கத்தி மாதிரி கூராக இருந்தால் ராஜாளி வகை. இரண்டு சிறகையும் தூக்கி வைத்துக்கொண்டு, குடித்துவிட்டு வருகிறவன்போல் இப்படியும் அப்படியும் ஆடினால் பிணந்தின்னி. பலகையைப் படுக்க வைத்ததுபோல் சிறகு நேராக, ஆடாமல் அசையாமல் வந்தால், எழுந்து நில்லுங்கள், அதுதான் கழுகு!

கலியாண ஊர்வலம்போல இதிலும் ஒரு முறை உண்டு. முதலில் சின்ன வைரிகள் வருகின்றன. அக்டோபரில் செவ்வால் பருந்துகள். குளிர் கடிக்க ஆரம்பித்ததும் 'காஸ்ஹாக்' என்னும் பெரிய வல்லூறு. கடைசியில், பனி விழும் நவம்பரில், ராஜா மாதிரி கழுகுகள். ஆனால் கூட்டம் என்றால் செப்டம்பர் நடுவில் வருகிற அகலச் சிறகுப் பருந்துகளின் கூட்டம்தான். ஒவ்வொன்றும் அரைக் கிலோகூட நிறை இல்லாத பறவை. அது மெக்ஸிகோ தாண்டி, பனாமா தாண்டி, பிரேசில்வரைக்கும் போகிறது. நான் பதினான்கு கிலோமீட்டரில் இருக்கும் கடைக்குப் போகவே மாப்பிள்ளையின் காரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்!

அந்தப் பருந்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் சுழன்று ஏறுவதைக் 'கெட்டில்' என்கிறார்கள். கொதிக்கிற கெண்டியில் சுழலும் ஆவி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். சுழலும்போது எண்ண முடியாது. அம்மிக்கல்லைச் சுற்றி ஓடும் குழந்தைகளை எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒருவனையே மூன்று தடவை எண்ணிவிடுவோம். ஆகவே அவை உச்சிக்குப் போய், வரிசையாகப் பிரிந்து சறுக்கும் வரை காத்திருக்கிறார்கள். அப்போது 'டிக், டிக், டிக்.' கூட்டம் தாங்கவில்லையென்றால் ஒரு 'டிக்'குக்குப் பத்து என்று வைத்துக்கொள்கிறார்கள். 2003-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி ஒரே நாளில் 1,01,698 அகலச் சிறகுப் பருந்துகள் அந்த மேட்டைத் தாண்டியதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எண்ணியவர்களின் கட்டைவிரல் என்ன பாடு பட்டிருக்குமோ!

இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. பக்கத்துக் காட்டில் வலை கட்டிச் சில பறவைகளைப் பத்திரமாகப் பிடித்து, காலில் எண் பொறித்த மெல்லிய வளையத்தைப் போட்டுவிடுகிறார்கள். அதே பறவை வேறு எங்காவது அகப்பட்டால், எங்கே புறப்பட்டு எங்கே வந்தது என்பது தெரிந்துவிடும். அப்படி வளையம் போட்ட ஒரு வைரியை மேட்டுக்குக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டினார்கள். மஞ்சள் கண், என்ன முறைப்பு! "இது பெண். ஆணைவிட ஒன்றரை மடங்கு பெரிது. இந்த இனத்தில் அப்படித்தான்" என்றார்கள். கூட்டத்தில் இருந்த ஸ்திரீகள் எல்லோரும் கையைத் தட்டினார்கள். புருஷர்கள் காலணியைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அதை ஒரு சிறுமியின் கையில் கொடுத்து விடச் சொன்னார்கள். அவள் கையை விரித்ததுதான் தாமதம், விர்ரென்று பறந்து ஏரிக்கரையோரம் மறைந்துவிட்டது. அந்தக் குழந்தை வெகுநேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறு வாரத்திலிருந்து எனக்கு அங்கே ஒரு சிநேகிதி கிடைத்தாள். எண்பத்தேழு வயசு. எப்போதும் என் பக்கத்து நாற்காலி. கண் கொஞ்சம் மங்கல். ஆனாலும் வராமல் இருக்க மாட்டாள். நான் கொண்டு போன தட்டையைக் கறுக்முறுக்கென்று கடித்துக்கொண்டே ஒரு நாள் சொன்னாள்: "சின்ன வயசில் அப்பா என்னை இங்கே அழைத்துக்கொண்டு வருவார். அப்போதும் எண்ணுவோம். எத்தனை விழுந்தது என்று!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காலத்தில் பருந்து என்றால் கோழி திருடும் துஷ்டப் பறவை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்து சுடுவார்களாம். தின்பதற்கு அல்ல, வெறும் பொழுதுபோக்கு. பாதையெல்லாம் சிறகும் ரத்தமுமாகக் கிடக்குமாம். "அப்பா நல்லவர்தான். பூனைக்குட்டியைக்கூட அதட்ட மாட்டார். ஆனால் எல்லோரும் சுட்டார்கள், அவரும் சுட்டார்" என்றாள் அந்த அம்மாள். 1940-களில் அந்த ஊர்ப் பறவைச் சங்கத்தார் பிடிவாதமாக முயன்று சுடுவதை நிறுத்தினார்கள். 1951-இல் சுடுகிற இடத்திலேயே எண்ணுகிற வேலையை ஆரம்பித்தார்கள். 1972 முதல் பருவம் முழுவதும் தினந்தோறும் எண்ணுகிறார்கள். "அப்பா எண்ணியதற்கு நான் ஈடு செய்கிறேன் என்று வைத்துக்கொள்ளேன்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தட்டையை எடுத்துக்கொண்டாள் சிநேகிதி.

இப்படி மலையை வேட்டைக்காரர்களிடமிருந்து மீட்ட கதைகளில் முதல் கதை ஒரு பெண்மணியுடையது. அதை அவள்தான் எனக்குச் சொன்னாள். ரோஸலி எட்ஜ் என்று பெயர். நியூயார்க் நகரத்துச் சீமாட்டி. பெண்களுக்கு வோட்டுரிமை வேண்டும் என்று போராடியவர். பென்ஸில்வேனியாவில் ஒரு மலையில் சுட்டுத் தள்ளிய பருந்துகளை வரிசை வரிசையாக அடுக்கி வைத்துப் பிடித்த போட்டோ ஒன்றை அவர் பார்த்தார். 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1934-இல், தம் 56-ஆவது வயசில், அந்த மலையையே குத்தகைக்கு எடுத்துவிட்டார்! மாரிஸ் புரூன், இர்மா என்னும் இளம் தம்பதியைக் காவலுக்கு வைத்தார். புருஷன் மலையுச்சியில் உட்கார்ந்து பறவைகளை எண்ணினார். துப்பாக்கியோடு வருகிறவர்களை வழிமறித்துத் திருப்பி அனுப்புகிற வேலை? அது மனைவி இர்மாவுடையது. சாலையோரத்தில் தன்னந்தனியாக நின்று அந்த அம்மாள் செய்தாள். அதுதான் இன்றைக்கும் பெயர் பெற்ற 'ஹாக் மவுன்டன்' சரணாலயம்.

சரி, எண்ணினார்கள், எழுதினார்கள். அதனால் என்ன ஆயிற்று?

புரூன் வருஷா வருஷம் எழுதி வைத்த நோட்டில் ஒரு விஷயம் மெள்ள மெள்ளத் தலைகாட்டிற்று. அமெரிக்காவின் தேசியப் பறவையான வெண்தலைக் கழுகுக்கு, தலை வெளுக்க நாலைந்து வருஷம் ஆகும். ஆகவே குஞ்சு எது, பெரியது எது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். 1935 முதல் 1939 வரை மலையைத் தாண்டிய கழுகுகளில் நூற்றுக்கு 40 இளசு. 1955 முதல் 1959 வரை பார்த்தால் நூற்றுக்கு 20தான்! பெரியவை பறந்துகொண்டிருக்கின்றன, குழந்தைகளைக் காணோம். வானத்தைச் சும்மா பார்க்கிறவர்களுக்குக் கழுகு இருக்கிறது என்றுதான் தோன்றும். வீட்டில் தொட்டில் காலியாகிவிட்டது என்பதைக் கணக்கு நோட்டுத்தான் சொல்லிற்று.

ரேச்சல் கார்ஸன் என்னும் விஞ்ஞான எழுத்தாளர் 1962-இல் வெளியிட்ட 'சைலன்ட் ஸ்பிரிங்' புத்தகத்தில் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டினார். பூச்சி மருந்தாகத் தெளித்த டி.டி.டி. தண்ணீரில் கலந்து, மீனுக்குள் போய், மீனைத் தின்ற கழுகின் உடம்பில் சேர்ந்தது. அதனால் முட்டை ஓடு மெலிந்துபோயிற்று. தாய்க்கழுகு அடைகாக்க உட்காரும். அதன் பாரம் தாங்காமல் முட்டை நொறுங்கும். தன் குழந்தையைத் தன் உடம்பாலேயே நசுக்குவது! இதைவிடக் கொடுமை ஒரு தாய்க்கு உண்டா? 1963-இல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்கப் பெருநிலம் முழுவதிலும் கூடு கட்டியவை 417 ஜோடிகள் என்றுதான் கண்டார்கள். 1972-இல் அந்த நாட்டில் டி.டி.டி. தெளிப்பதைத் தடுத்தார்கள். 2007-இல் ஜோடிகள் பத்தாயிரத்தை நெருங்கிவிட்டன. அழியும் பறவை என்னும் ஜாபிதாவிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். டுலூத் மேட்டில் எழுபதுகளில் ஒரு பருவம் முழுவதும் எண்ணினாலும் சில நூறைத் தாண்டாத வெண்தலைக் கழுகு, இப்போது ஆயிரக்கணக்கில் போகிறது.

நவம்பர் மாதத்தில் ஒரு நாள். இரண்டு ஸ்வெட்டர், மாப்பிள்ளையின் மேல்கோட்டு, குரங்குக் குல்லாய் சகிதம் உட்கார்ந்திருக்கிறேன். ஏரிப் பக்கமிருந்து பலகை மாதிரி சிறகு வருகிறது. தலை பளீரென்று வெண்ணெய் உருண்டை. பின்னாலேயே இன்னொன்று, அதற்குத் தலை வெளுக்கவில்லை. "இளசு!" என்று கத்திவிட்டேன். என் சிநேகிதிக்குத் தெளிவாகத் தெரியவில்லை. "நிஜமாகவா? நிஜமாகவா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடையில் 'டிக்' என்று கேட்டது. பிறகு இன்னொரு 'டிக்'.

அன்று ராத்திரி எனக்குத் திருக்கழுக்குன்றம் ஞாபகம் வந்தது. சின்ன வயசில் பாட்டியோடு மலையேறியிருக்கிறேன். உச்சிவேளையில் குருக்கள் சர்க்கரைப் பொங்கல் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஜனங்கள் மூச்சுக் காட்டாமல் நிற்பார்கள். எங்கிருந்தோ இரண்டு வெண்கழுகுகள் இறங்கி வந்து பிரசாதம் சாப்பிட்டுவிட்டுப் போகும். எண்ணிக்கை எப்போதும் இரண்டுதான். உங்களில் எத்தனையோ பேர் பார்த்திருப்பீர்கள். 1990-களோடு அந்த வரவு நின்றுபோயிற்று. என் பேரனுக்குக் காட்டக் கோவில் இருக்கிறது, மலை இருக்கிறது, கழுகு இல்லை.

அதே 1990-களில்தான் வட இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகளும் மளமளவென்று விழுந்தன. அதைக் கண்டுபிடித்ததும் ஒரு கணக்குத்தான். பரத்பூர் ஏரிச் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்னும் ஆராய்ச்சியாளர் 1980-களில் கூடுகளை எண்ணி வைத்திருந்தார். 1990-களில் மறுபடி எண்ணினார். மரங்கள் இருந்தன, கூடுகள் குறைந்துகொண்டே போயின. முன் கணக்கு இருந்ததனால்தானே இந்தக் கணக்கு பகீரென்றது? கால்நடைகளுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்துதான் எமன் என்று 2004-இல் தெரிய வந்தது. அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. 2006-இல் கால்நடைக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று நம் அரசாங்கம் தடை விதித்தது. நம் பக்கத்தில் முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்று மாநிலத்து வனத்துறையினரும் ஒரே சமயத்தில் எண்ணுகிறார்கள். இரட்டை எண்ணிக்கை வந்துவிடக் கூடாதே!

டுலூத்திலிருந்து புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் மேட்டுக்குப் போனேன். பனிமூட்டம். ஏரியும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. ஒரு பறவை இல்லை. வேடிக்கை பார்க்கவும் ஆள் இல்லை. மேடையில் அந்தப் பெண் மட்டும் விறைத்துப்போய் நின்றுகொண்டிருந்தாள். மணி முடிந்ததும் நோட்டை எடுத்து எழுதினாள். எட்டிப் பார்த்தேன்: 0. "இதற்கும் எழுத வேண்டுமா அம்மா?" என்றேன். "இதைத்தான் முக்கியமாக எழுத வேண்டும்" என்றாள்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு சமாசாரம் தெரிந்துகொண்டேன். 2015 முதல் நம் தமிழ்நாட்டிலும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மலையேற வேண்டாம், காட்டுக்குப் போக வேண்டாம். வாசலோ, மொட்டை மாடியோ, எங்கே இருந்தாலும் சரி. பதினைந்து நிமிஷம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி எழுதி, 'இ-பேர்ட்' என்னும் இணையதளத்தில் பதிந்தால் போதும். எதிர் வீட்டு மாமியையும் சேர்த்துக்கொண்டு மாடிக்குப் போனேன். காக்கை, மைனா, புறா, கிளி. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இரண்டு கரும்பருந்து. சற்று நேரம் பொறுத்து, சிவந்த முதுகும் வெள்ளைக் கழுத்துமாக ஒரு கருடன். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுதினேன்: கரும்பருந்து 2, கருடன் 1.

உங்கள் வீட்டிலும் மாடி இருக்கும், நோட்டும் இருக்கும். அடுத்த பொங்கலன்று கோலம் போட்டுக் கையைக் கழுவியதும் ஒரு பதினைந்து நிமிஷம் ஒழித்துக்கொண்டு மேலே பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் பாதகமில்லை. பூஜ்யம் என்று எழுதுங்கள்.